மணிப்பிரவாளம்: இரு கல்வி மரபுகள் தம்முள் பேசிக்கொண்ட வரலாறு

எம்பெருமானார் அருளிச்செய்த நூல்கள் ஒன்பது. ஒன்பதும் வடமொழியில் அமைந்தவை. திருமலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்டவர், திருப்பாவை ஜீயர் என்றே பெயர் பெற்றவர், தம் கையால் தமிழில் ஒரு நூலும் எழுதவில்லை. ஸ்ரீபாஷ்யத்தில் ஆழ்வார் பாசுரம் ஒன்றும் பிரமாணமாக எடுத்துக்காட்டப்பெறவில்லை. இதைக் கொண்டு தமிழ் மறை அவருக்கு இரண்டாம் நிலையது என்று கூறுவாரும் உளர். உள்ளத்தில் தமிழை வைத்து வெளியே வடமொழி பேசினார் என்று கூறுவாரும் உளர். இரு கூற்றும் கேட்போர் யார் என்னும் வினாவை விட்டுவிடுகின்றன. ஸ்ரீபாஷ்யம் பிரஹ்மஸூத்திரத்துக்குப் பொருள் காணும் வேதாந்த ஸபைக்காக எழுந்தது. அந்த ஸபையில் காச்மீரத்தவரும் இருப்பர், காசியினரும் இருப்பர். எதிர்வாதி ஏற்காத பிரமாணத்தை அவன் முன் வைப்பது வாதமுறையன்று. ஆளவந்தாருக்கும் இதே நிலை இருந்தது. அவர் ஸ்தோத்திரரத்னத்தின் தொடக்கத்தில் வகுளமாலை அணிந்த குலபதியின் திருவடிகளைத் தலையால் வணங்கிவிட்டே மேலே செல்கிறார். ஆனால் அவ்வணக்கமும் வடமொழிச் சுலோகமாகவே அமைந்தது.

ஆகவே எம்பெருமானார் காலத்துத் திருவரங்கத்தில் கற்றோர் கூட்டம் இரண்டு இருந்தது. ஒன்று ஸூத்திரம், பூர்வபக்ஷம், ஸித்தாந்தம் என்னும் வரிசையில் சிந்திப்பது. சுருதி, ஸ்மிருதிகளை அளவைகளாகக் கொள்வது. மற்றொன்று பாசுரத்தை இசையோடு சேவித்து, அதன் சொல்லிலும் சுவையிலும் கரைவது. பலர் இரண்டிலும் அமர்ந்திருந்தனர் என்பது உண்மையே. ஆனால் ஒருவரே இரண்டிலும் அமர்வதால் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை. வேதாந்திக்குத் திருவாய்மொழியைப் பற்றி எழக்கூடிய ஐயங்கள் எளியவை அல்ல. இது பாஷையில் அமைந்தது, பாடியவர் நான்காம் வருணத்தில் அவதரித்தவர், பெண்டிரும் கற்கிறார்கள், காமம் மேலிட்ட பேச்சாகப் பல பதிகங்கள் உள்ளன, இதை வேதம் என்று எவ்வாறு கொள்வது? ஈட்டின் முன்னுரைப் பகுதியில் இத்தகைய ஆட்சேபங்கள் வரிசையாக எழுப்பப்பெற்று விடை கூறப்பெறுகின்றன. வாயடைப்பதற்காகக் கற்பனையாக எழுப்பிய வினாக்களாக அவை தோன்றவில்லை. வெளியே உண்மையில் கேட்கப்பட்டவை என்றே அந்த விடைகளின் நீளம் காட்டுகிறது.

மறுபுறத்துக் கவலையும் சிறியதன்று. திருவாய்மொழியின் நூறு பதிகங்களுள் 27 பெண்மொழியில் அமைந்தவை: தோழி பேசுவன 3, தாய் பேசுவன 7, தலைமகள் பேசுவன 17. சங்க அகத்திணையின் வழிவந்த இந்தப் பேச்சைத் தத்துவ நூலாகப் படிக்கத் தொடங்கினால் அந்தப் பெண்ணின் அழுகை எங்கே போகும்? இன்றும் வியாக்கியானங்களைப் பயிலும் இலக்கிய மாணவர் கேட்கும் கேள்வி இது. அன்றைய ஆசாரியர்களும் இதை அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் உரைகளே சான்று.

முதல் முயற்சி திருக்குருகைப்பிரான் பிள்ளானுடையது. பெரிய திருமலைநம்பியின் திருக்குமாரரான அவரை எம்பெருமானார் ஞானபுத்திரராக அபிமானித்து, திருவாய்மொழிக்கு வியாக்கியானம் இடும்படி நியமித்தார். தாமே எழுதினால் ‘பொருள் இவ்வளவே’ என்று பின்னுள்ளோர் எல்லை கட்டிவிடுவர் என அஞ்சினார் என்பது குருபரம்பரை கூறும் காரணம். அவ்வாறு பிறந்தது ஆறாயிரப்படி. ‘படி’ என்பது இங்கே 32 எழுத்துகள் கொண்ட ஒரு கிரந்தம் என்னும் அளவு. அதன்படி ஆறாயிரப்படி 1,92,000 எழுத்துகள். திருவாய்மொழியின் பாசுரங்கள் 1102 ஆகையால், பாசுரம் ஒன்றுக்குச் சராசரியாக ஐந்தரைக் கிரந்தம்கூட இல்லை. ஆயினும் அந்தச் சிறிய இடத்தைப் பிள்ளான் எதைக் கொண்டு நிரப்பினார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. எம்பெருமானாரின் வடமொழி நூல்களில் பரமபுருஷனைக் குறிக்க வரும் நீண்ட தொகைச் சொற்களை, குற்றங்களுக்கு எதிர்த்தட்டானவன், எல்லையற்ற கலியாணகுணங்களுக்கு இருப்பிடமானவன் என்னும் வகையிலான அடைமொழிகளை, அப்படியே பாசுரத்தின் அருகில் கொண்டுவந்து வைத்தார். ஆழ்வார் இரண்டு சொல்லில் உயர்வைப் பாடினால், வேதார்த்தஸங்கிரகத்தின் நடையில் நாலு வரி விரிகிறது.

இன்று படிப்போருக்கு இது வறட்சியாகத் தோன்றலாம்; தோன்றுகிறது என்று எழுதியோரும் உளர். அந்தத் தீர்ப்பு பிள்ளானின் கேட்போரை மறந்துவிட்ட தீர்ப்பு. ஸ்ரீபாஷ்யம் கற்ற ஒருவன் ஆறாயிரப்படியைத் திறந்தால், தான் அறிந்த சொற்கள் அனைத்தையும் அங்கே காண்கிறான். தன் ஆசிரியர் பேசிய பொருளே ஆழ்வார் பேசிய பொருளும் என்பதை வாதம் ஏதுமின்றி, சொல்லின் அடையாளத்தாலேயே உணர்கிறான். ‘இரண்டு வேதாந்தங்களும் ஒன்று’ என்னும் உபயவேதாந்தக் கோட்பாட்டைப் பிள்ளான் நிறுவ முயலவில்லை. அதை ஒரு நடையாகச் செய்து காட்டினார். இந்த வகையில் ஆறாயிரப்படி வேதாந்தியிடம் ஆழ்வாரை அறிமுகப்படுத்திய நூல். ஆழ்வாரிடம் வேதாந்தியை அறிமுகப்படுத்தும் வேலை இன்னும் எஞ்சியிருந்தது.

இங்கே மணிப்பிரவாளம் என்னும் நடையின் கட்டமைப்பைச் சற்று நின்று பார்ப்பது தகும். மணியும் பவளமும் கலந்து கோத்ததுபோல வடசொல்லும் தமிழும் கலந்த நடை என்பது பெயர்ப்பொருள். இது ஸ்ரீவைஷ்ணவர்களின் தனிச்சொத்தன்று. 11ஆம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், எழுத்து விரவினால் விரவியல் என்றும் சொல் விரவினால் மணிப்பிரவாளம் என்றும் பிரித்துக் கூறுகிறது. ஸமணரின் ஸ்ரீபுராணம் இந்நடையில் அமைந்தது. சேரநாட்டில் 14ஆம் நூற்றாண்டு லீலாதிலகம் இதற்கு முழு இலக்கணமே வகுத்தது. ஆனால் அந்த இலக்கணம் வடமொழி வேற்றுமை உருபோடு கூடிய சொற்கள் நாட்டுமொழியோடு கலப்பதைப் பேசுகிறது. அங்கே முதன்மை செய்யுளுக்கு. திருவரங்கத்து வியாக்கியானங்களில் நிலைமை வேறு. அவை உரைநடை. அவற்றில் வடசொல் பெரும்பாலும் உருபு களைந்து வருகிறது. தமிழ் வேற்றுமை ஏற்கிறது. தமிழ் வினைவிகுதி ஏற்கிறது. அநுபவம் ‘அநுபவிக்கிறார்’ ஆகிறது; அநுஸந்தானம் ‘அநுஸந்தித்து’ ஆகிறது; உபதேசம் ‘உபதேசித்தருளினார்’ ஆகிறது. வாக்கியத்தின் எலும்பு முழுதும் தமிழ். எழுவாய் எங்கே நிற்பது, எச்சங்கள் எவ்வாறு தொடர்வது, முற்றுவினை எங்கே முடிப்பது என்பதில் வடமொழி வாக்கியமுறை தலையிடுவதில்லை. ‘இறே’, ‘காண்’, ‘அத்தாலே’, ‘என்கிறபடியே’ என்னும் பேச்சுவழக்குச் சொற்கள்தாம் வாதத்தை முன்னே நகர்த்துகின்றன.

எனவே மணிப்பிரவாளத்தைத் தமிழின் சிதைவு என்று மட்டும் கூறுவது அதன் பாதியைப் பார்த்த கூற்று. ஒரு வடமொழி வேதாந்தி தன் கலைச்சொற்களை விடாமல் தமிழில் சிந்திக்க முடிந்தது. ஒரு தமிழ்ப் பாசுரம் தன் வாக்கியத்தை விடாமல் வேதாந்தம் பேச முடிந்தது. இரு தரப்பும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தன. வேதாந்தி தன் மொழியின் உருபை விட்டான். தமிழர் தம் சொற்களின் தனித்தன்மையை விட்டனர். இரண்டாவது இழப்பே பெரிது என்று வாதிடுவோருக்கு இடம் உண்டு. அந்த இழப்பின் விலை பின்னர் எழுந்தது. அதுவும் கீழே வரும்.

பிள்ளானுக்குப் பின் வந்தவர் நஞ்சீயர். மேல்நாட்டிலிருந்து வந்தவர் இவர். அத்வைத வேதாந்தியாய், பெருஞ்செல்வத்தோடும் மாணாக்கர் கூட்டத்தோடும் இருந்த இவரைப் பராசர பட்டர் சென்று வாதில் வென்றார் என்பதும், பின்னர் இவர் துறவு பூண்டு திருவரங்கம் வந்து சேர்ந்தார் என்பதும் குருபரம்பரைச் செய்தி. திருநாராயணபுரத்துப் பகுதியின் மனிதர், வடமொழியில் வாதித்துப் பழகியவர், பட்டரின் நியமனத்தால் தமிழ் மறைக்கு ஒன்பதினாயிரப்படி எழுதினார். அதைச் செம்மையாகப் பிரதி செய்ய அவர் ஒருவரைத் தேடியபோது, நம்பூர் வரதரைச் சுட்டினார்கள். வரதர் ஏட்டுக்கட்டை வாங்கிக்கொண்டு காவிரியைக் கடக்கையில் வெள்ளம் அதை அடித்துச் சென்றது. ஜீயரிடம் ஒருமுறை கேட்ட பொருளை நினைவில் கொண்டு வரதர் முழுவதையும் எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருளையும் சேர்த்தார். ஜீயர் ஏட்டைப் பார்த்து, வேறுபாட்டைக் கண்டு, நடந்ததைக் கேட்டறிந்து, கோபிக்காமல் அணைத்து ‘நம் பிள்ளை’ என்றார். நம்பிள்ளை என்னும் திருநாமம் இவ்வாறு வந்தது. இதை வெறும் அற்புத நிகழ்ச்சியாக மட்டும் படிப்பது போதாது. தமிழுக்குப் பின்னர் வந்து சேர்ந்த ஓர் அறிஞர் தம் தமிழ் நூலில் தமிழில் பிறந்த ஓர் இளைஞரின் கை புகுந்ததை ஏற்றார் என்பதே இதன் வரலாற்றுப் பெறுமதி. ஒன்பதினாயிரப்படியில் எந்த வரி ஜீயருடையது, எது வரதருடையது என்று பிரிக்க இன்று வழியில்லை. அக்கால ஆசாரியர்களுக்கு அந்தக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை.

இனி, மொழிபெயர்ப்பே வேண்டாத ஒரு விளக்கத்தைப் பார்க்கலாம். எட்டாம் பத்தில் ‘சிறுமாமனிசர்’ என்றொரு சொல் வருகிறது. ஈடு இதற்கு ஓர் ஐதிஹ்யம் காட்டுகிறது. இளம் பிராயத்து பட்டர், உபநயனத்துக்கு முன், தந்தையாகிய கூரத்தாழ்வானிடம், சிறுமையும் பெருமையும் தம்முள் மாறுபட்டவை ஆயிற்றே, இரண்டும் ஓரிடத்தில் எப்படி நிற்கும் என்று கேட்டார். ஆழ்வானுக்கு விடை தெரியாமல் இல்லை. சிறியதிற் சிறியது, பெரியதிற் பெரியது என்னும் பொருளில் உபநிஷத்து வாக்கியம் உண்டு. ஆனால் உபநயனம் ஆகாத பிள்ளையிடம் வேதவாக்கியத்தை எடுத்துக்கூறலாகாது. கணநேரம் சிந்தித்த ஆழ்வான், சிறியாச்சான், அருளாளப்பெருமாள் எம்பெருமானார் போன்றவர்களைப் பார் என்றார். திருமேனி சிறுத்து, நம்மைப்போலவே உண்டு உடுத்து இருந்தும், பகவத்விஷயத்தில் நித்தியஸூரிகளுக்கு ஒப்பாகப் பெருத்திருப்பவர்கள் இவர்கள் அன்றோ என்பது அவர் கருத்து.

இந்த நிகழ்ச்சியில் ஒரு தடை இருக்கிறது. தடையே புதிய வழியைத் திறக்கிறது. கேட்பவனுக்கு உரிமையில்லாத சான்றை வைக்க முடியாதபோது, ஆழ்வான் தெருவில் நடமாடும் மனிதர்களைச் சான்றாக்கினார். பாசுரமே பாகவதர்களைப் பற்றியதாகையால், உபநிஷத்து வாக்கியத்தைவிட இந்த விடையே பாசுரத்துக்கு நெருங்கிப் பொருந்துகிறது. சான்றாகச் சுட்டப்பட்டவருள் ஒருவரான அருளாளப்பெருமாள் எம்பெருமானாரின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. யஜ்ஞமூர்த்தி என்னும் பெயரில் வடதேசத்திலிருந்து வாதம் செய்ய வந்த ஸந்நியாஸி அவர். எம்பெருமானாரோடு பல நாள் வாதிட்டுத் தோற்று ஆட்பட்டபின் அவர் எழுதிய நூல்கள் ஞானஸாரமும் பிரமேயஸாரமும். இரண்டும் தமிழ்ச் செய்யுள். வடமொழி வாதத்தால் வந்தவர் தமிழ்ப் பாட்டால் பேசினார். தமிழ் நாட்டில் பிறந்த எம்பெருமானாரோ வடமொழியால் பேசினார். யார் எந்த மொழியில் எழுதினர் என்பதைப் பிறப்பு முடிவு செய்யவில்லை.

நம்பிள்ளை காலத்தில் நடை மாறியது. அவருடைய காலக்ஷேபத்துக்குத் திரண்ட கூட்டத்தைக் கண்டோர், இது நம்பெருமாளைச் சேவிக்கத் திரண்ட கூட்டமோ என்று ஐயுற்றதாக மரபு பேசும். அந்தக் கூட்டத்தில் ஸ்ரீபாஷ்யம் கற்றோர் மட்டும் இருந்திருக்க முடியாது. பகலில் கேட்டதை வடக்குத்திருவீதிப் பிள்ளை இரவில் ஏட்டில் எழுதிவந்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. பிள்ளானின் அளவுக்கு இது ஆறு மடங்கு: பாசுரம் ஒன்றுக்குச் சராசரி ஆயிரம் எழுத்துக்கு மேல். தம் அனுமதியின்றி எழுதியதை அறிந்த நம்பிள்ளை ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டார் என்றும், பின்னர் ஈயுண்ணி மாதவரிடம் அது சேர்ந்து, அவர் வழியில் ஒருவருக்கு ஒருவராக ஓராண்வழியாய் இறங்கி, திருவாய்மொழிப் பிள்ளை வாயிலாக மணவாள மாமுனிகளை (1370–1443) அடைந்தது என்றும் கூறுவர்.

ஆறாயிரத்துக்கும் முப்பத்தாறாயிரத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் நீளம் அன்று. ஈட்டில் மனிதர்கள் பேசுகிறார்கள். பட்டர் ஒரு பொருள் கூறுகிறார், ஜீயர் வினவுகிறார், ஒருவர் கண்ணீர் விடுகிறார், ஒருவர் சிரிக்கிறார். தலைமகள் இரங்கும் பாசுரத்தில் அவள் இரக்கத்தை முதலில் நின்று அனுபவித்த பிறகே தத்துவம் பேசுகிறது. பிள்ளானின் வேதாந்தக் கலைச்சொற்கள் இங்கும் உண்டு. அவை இப்போது வீட்டில் புழங்கிப் பழகிய பாத்திரங்கள்போல இருக்கின்றன. முதல் உரைகாரர் இரு நூல்களும் ஒன்று என்று காட்டவேண்டியிருந்தது. மூன்று தலைமுறைக்குப் பின் நம்பிள்ளையின் கோஷ்டிக்கு அது அறிந்த செய்தி. ஆகவே பாசுரத்தின் நுட்பங்களுக்குள் தங்குவதற்கு நேரம் கிடைத்தது.

ஒரு பொருத்தத்தையும் குறிப்பிட வேண்டும். வியாக்கியானங்களின் அளவுகளை வடமொழி நூல்களின் அளவுகளோடு இணைத்து மரபு பேசும்: ஆறாயிரம் ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவு, ஒன்பதினாயிரம் ஸ்ரீபாஷ்யத்தின் அளவு, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரம் ஸ்ரீராமாயணத்தின் அளவு, ஈடு சுருதப்பிரகாசிகையின் அளவு. இதை எண்விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஆனால் கடைசி இணை கூர்ந்து நோக்கத்தக்கது. சுருதப்பிரகாசிகை, நடாதூர் அம்மாளின் ஸ்ரீபாஷ்யக் காலக்ஷேபத்தைக் கேட்டு ஸுதர்சன ஸூரி எழுதியது. ‘கேட்டதை விளக்குவது’ என்பது அதன் பெயரிலேயே உள்ளது. ஈடும் கேட்டு எழுதியது. வடமொழிக் கோஷ்டியிலும் தமிழ்க் கோஷ்டியிலும் ஒரே காலப்பகுதியில், ஆசிரியர் வாய்ச்சொல்லை மாணாக்கர் ஏட்டில் பிடித்த இரு பெருநூல்கள் எழுந்தன. இரு கூட்டங்களுக்கும் கற்கும் முறை ஒன்றாகிவிட்டிருந்தது.

பெண்மொழிப் பாசுரங்களைப் பற்றிய பழைய ஆட்சேபத்துக்கு முழுமையான விடையை அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்யஹ்ருதயத்தில் தந்தார். தோழி, தாய், மகள் என்பவை ஆழ்வாரின் உள்ளத்தின் மூன்று நிலைகள்: உறவை உணர்ந்த உணர்வு தோழி, உபாயத்தில் உறுதிகொண்ட துணிவு தாய், பலனுக்குத் துடிக்கும் பதற்றம் மகள். அகத்திணை மாந்தர் மூவரும் வேதாந்தத்தின் ஸம்பந்தம், உபாயம், பலன் என்னும் மூன்றோடு சேர்ந்துவிடுகின்றனர். இதில் அகத்திணை அழிந்தது என்று கூறமுடியுமா? தாய் மகளைத் தடுக்கிறாள், தோழி இருவருக்கும் இடையே நிற்கிறாள் என்னும் அகமரபின் நாடகத்தை அறிந்தவருக்கே ‘துணிவு பதற்றத்தைத் தடுக்கிறது’ என்னும் நாயனாரின் கருத்து விளங்கும். வேதாந்தம் மட்டும் அறிந்தவருக்கு அந்தச் சூத்திரம் பாதியே பேசும்.

இந்தப் பாலத்தில் நடக்க முடியாதோரும் இருந்தனர் என்பதை ஆசாரியர்களே அறிந்திருந்தனர். நாயனாரின் தமையனார் பிள்ளை லோகாசாரியர் திருமந்திரம், துவயம், சரமசுலோகம் என்னும் ரஹஸ்யங்களின் பொருளை ஒருமுறை அன்று, பலமுறை எழுதினார். ஏன் என்பதை மாமுனிகள் முமுக்ஷுப்படி வியாக்கியானத்தின் அவதாரிகையில் விளக்குகிறார். யாத்ருச்சிகப்படி மிகச் சுருங்கியது. பரந்தபடி மிக விரிந்தது. ஸ்ரியஃபதிப்படி அளவில் ஒத்ததாயினும் வடசொல் மிகுந்தது, ஆகவே பெண்டிர்க்கும் கல்லாதோர்க்கும் பயன்படாது. இக்குறைகள் எல்லாம் நீங்க அருளிச்செய்ததே முமுக்ஷுப்படி. ஒரே பொருளை நான்கு அளவில், கேட்போரை முன்னிட்டுத் திருத்தித் திருத்தி எழுதிய வரலாறு இது. மணிப்பிரவாளத்திலேயே எந்த அளவுக்கு மணி, எந்த அளவுக்குப் பவளம் என்பது இவர்களுக்கு முடிந்துபோன கணக்காக இருக்கவில்லை. ‘வடசொல் மிகுதி’ என்பதை ஒரு குற்றமாக, அச்சொற்களாலேயே எழுதிப் பழகிய மரபின் உள்ளிருந்தே, மாமுனிகள் பெயரிட்டுக் கூறினார்.

பெரியவாச்சான் பிள்ளையின் திருமாளிகையில் மடைப்பள்ளி வேலை செய்த ஒருவரைப் பற்றிய செய்தியும் இதனோடு சேரும். முப்பத்திரண்டு வயதுவரை எழுத்தறியாதிருந்த அவர், கற்றோர் சிலர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, எந்த நூலைப் பற்றிப் பேச்சு என்று வினவினார். அவர்கள் ‘முஸலகிஸலயம்’ என்றனர்: உலக்கைக் கொழுந்து. உலக்கை துளிர்ப்பதில்லை என்பது ஏளனம். அந்தச் சொல்லின் பொருள்கூட அவருக்கு விளங்கவில்லை; ஆசிரியரிடம் சென்று கேட்டபோதே தாம் ஏளனம் செய்யப்பட்டதை அறிந்தார். பின்னர் கற்று, அந்தப் பெயரிலேயே ஒரு வடமொழிக் காவியம் செய்து காட்டினார். வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரும் ஆனார். திருவாய்மொழிக்கு அவர் இட்ட உரை பன்னீராயிரப்படி. மற்ற வியாக்கியானங்கள் கருத்தை விரித்துச் செல்ல, இதுவே சொல்லுக்குச் சொல் பதவுரை கூறிச் செல்வது. சொல் விளங்காமல் நின்ற அனுபவம் உடையவர் பதவுரை எழுதியதில் வியப்பில்லை.

ஈட்டுக்கும் இத்தகைய துணை தேவைப்பட்டது. நம்பிள்ளை ஓர் உபநிஷத்து வாக்கியத்தையோ ஸ்ரீராமாயணச் சுலோகத்தையோ முழுமையாகச் சொல்வதில்லை. முதல் இரண்டு சொல், உடனே ‘என்கிறபடியே’. எஞ்சியது கேட்போர் நினைவில் இருக்கும் என்பது துணிபு. 13ஆம் நூற்றாண்டுத் திருவரங்கத்தில் அந்தத் துணிபு பொருந்தியிருக்கலாம். பின்னர் அது பொருந்தாமல் போயிற்று. மாமுனிகள் ஈட்டுக்குப் பிரமாணத்திரட்டு தொகுத்தார்; அரும்பதவுரைகள் எழுந்தன. தமிழ்ப் பாசுரத்துக்கு மணிப்பிரவாள உரை, அந்த உரைக்கு அரும்பத உரை என்று அடுக்கு ஏறியது. இரு கூட்டங்களுக்கும் பொதுவாக எழுந்த நடை, காலப்போக்கில் தனக்கென்று மூன்றாவதொரு கூட்டத்தை உண்டாக்கிக்கொண்டது. வடமொழி மட்டும் அறிந்தவரும் தமிழ் மட்டும் அறிந்தவரும் அதற்கு வெளியே நின்றனர். மணிப்பிரவாளத்தின் மேல் வைக்கத்தக்க நியாயமான குறை இதுவே. 1916க்குப் பின் எழுந்த தனித்தமிழ் இயக்கத்தினர் தமிழின் தூய்மையைப் பேசினர். கற்போரின் எண்ணிக்கை சுருங்கியதைப் பேசியிருந்தால் அவர்கள் வாதம் இன்னும் வலுத்திருக்கும்.

எதிர்த்திசைப் பயணம் வேதாந்த தேசிகருடையது (1268–1369). ரஹஸ்யத்ரயஸாரத்தை மணிப்பிரவாளத்திலும், தேசிகப் பிரபந்தங்களைத் தமிழிலும், அச்யுதசதகத்தைப் பிராகிருதத்திலும் செய்தவர், திருவாய்மொழியை வடமொழிக்குக் கொண்டு சென்றார். திரமிடோபநிஷத் தாத்பர்யரத்னாவளியில், ஒவ்வொரு பாசுரமும் எம்பெருமானின் எந்தக் குணத்தை வெளியிடுகிறது என்று எடுத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களை ஏறத்தாழ 130 சுலோகங்களில் அடக்கினார். தமிழ் அறியாத வேதாந்திக்குத் திருவாய்மொழியின் கட்டமைப்பு முழுதும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. பத்துப் பத்துகளும் எந்த முறையில் ஏறுகின்றன என்பதை இவ்வளவு தெளிவாக வேறு நூல் காட்டுவதில்லை. கிடைக்காதது குரல். ஈட்டில் அழும் பெண் இங்கே ஒரு குணத்தின் பெயராகிறாள். தேசிகர் இதை அறியாதவர் அல்லர். தாமே தமிழ்ப் பாடியவர். வடமொழி வேதாந்திக்கு எது முதலில் சென்று சேரவேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தார். பிள்ளானும் தம் காலத்தில் அவ்வாறே தேர்ந்தெடுத்திருந்தார்.

அச்சுக்காலத்தில் ஒரு புதிய திருப்பம். 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் பதிப்பிக்கப்பெற்ற வியாக்கியானங்கள் பல தெலுங்கு எழுத்தில் வெளிவந்தன. தமிழ் நெடுங்கணக்கில் வடவெழுத்து வேறுபாடுகளுக்கு இடமில்லை. ஏட்டில் தமிழும் கிரந்தமும் கலந்து எழுதிய முறைக்குத் தக்க அச்செழுத்து எளிதில் கிடைப்பதன்று. தெலுங்கு எழுத்தோ வடமொழி ஒலிகளைத் தாங்கும், வாசகரும் ஆந்திர நாட்டில் மிகுதி. இதன் விளைவாக, தமிழ்ப் புலவர் ஒருவர் ஈட்டைப் படிக்க விரும்பினால் முதலில் தெலுங்கு எழுத்தைக் கற்கவேண்டிய நிலை சில காலம் இருந்தது. பின்னர் தமிழ், கிரந்த எழுத்துகளில் பதிப்புகள் வந்தன. காஞ்சி பிரதிவாதிபயங்கரம் அண்ணங்கராசாரியர் தம் பதிப்புகளாலும் எளிய உரைகளாலும் வாசகர் வட்டத்தைப் பெருக்கினார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பு. ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டின் தமிழாக்கத்தைச் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பத்துத் தொகுதிகளில் கொண்டுவந்தார். இரு மொழியையும் இணைக்க எழுந்த உரைக்கு அவ்விரண்டில் ஒன்றிலேயே மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட அளவுக்குக் காலம் கடந்திருந்தது.

தெலுங்கு எழுத்துப் பதிப்புகளுக்கு வேறொரு பயனும் இருந்தது. திருமலையைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆந்திர நாட்டு அக்ரஹாரங்களிலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் அவற்றைக் கொண்டே திருவாய்மொழியைச் சேவித்தன. நஞ்சீயரின் நாட்டுப் பகுதியான திருநாராயணபுரத்தில், தெருவில் கன்னடம் வழங்க, செல்வப்பிள்ளையின் ஸந்நிதியில் ஆழ்வாரின் தமிழ் இன்றும் ஒலிக்கிறது.